குளியல் பொடியும் தேங்காய் எண்ணெயும்: வீட்டிலேயே செய்துகொள்ளும் தோல் பராமரிப்பு

புறநோயாளிப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் தோலுக்கு என்ன பூசுகிறீர்கள்?" பெரும்பாலும் முதலில் கிடைக்கும் விடை, "ஒன்றுமில்லை டாக்டர்" என்பதுதான். சற்றுப் பொறுத்திருந்தால் உடன் வந்தவர் வாய் திறப்பார். முதலில் தேங்காய் எண்ணெய் வரும், அடுத்து மஞ்சள், பிறகு எலுமிச்சை, வேப்பிலை, பக்கத்து வீட்டார் கொடுத்த களிம்பு என்று ஒவ்வொன்றாக வெளிவரும்.

இந்தத் தயக்கத்துக்கு நோயாளிகள் மட்டுமே காரணமல்லர். மேற்படிப்பை முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், கரப்பான் கண்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை அதன் பாட்டி அழைத்து வந்திருந்தார். தாம் அரைத்த குளியல் பொடியையும் ஒரு சம்படத்தில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இதையெல்லாம் தூக்கி எறியுங்கள்" என்று சொல்லிவிட்டு மருந்து எழுதினேன். குழந்தைக்குச் சிலநாள் குணம் தெரிந்தது. பிறகு முன்னைவிட மோசமாயிற்று. மூன்று மாதங்கள் இப்படியே கழிந்த பின், குழந்தையின் தாயார் தனியே வந்து உண்மையைச் சொன்னார். பாட்டி பொடியை நிறுத்தவேயில்லை. டாக்டர் திட்டுவார் என்பதால் சொல்லாமல் தேய்த்துக் குளிப்பாட்டி வந்திருக்கிறார்.

அன்றுதான் அந்தச் சம்படத்தில் இருந்தவை எவை என்று கேட்டேன். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கார்போக அரிசி. குழந்தையின் தோல் ஆறும்வரை பொடியை ஒதுக்கி வைப்பது, ஆறிய பின் கார்போக அரிசியை மட்டும் நீக்கிவிட்டு அழுத்தித் தேய்க்காமல் பயன்படுத்துவது என்ற இரண்டு திருத்தங்களே தேவைப்பட்டன. முதல் நாளே கேட்டிருந்தால் அந்தக் குழந்தை மூன்று மாத இரவுகளைச் சொறிந்தபடி கழித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை விளக்கிச் சொல்லும் இக்கட்டுரை அன்றைக்கு நான் சொல்லத் தவறியதுதான்.

தோலின் மேற்பரப்பை ஒரு சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். இறந்துபோன தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு சாந்து. உள்ளங்கை, பாதம் நீங்கலாக உடலின் பெரும்பகுதியில் இச்சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவது அரிது. உடலின் ஈரம் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமியும் நஞ்சும் உள்ளே புகாமலும் காப்பது இதுதான். இதன் மேற்புறம் இலேசான அமிலத்தன்மை உடையது. அமில அளவுகோலில் சுமார் 4.5 முதல் 5.5 வரை. சாதாரண சோப்போ 9 முதல் 10 வரை உள்ள காரப்பொருள். கரப்பான் உள்ளவர்க்கும், முதியோர்க்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்தச் சாந்து ஏற்கெனவே உதிர்ந்திருக்கிறது. எனவே வீட்டில் செய்யும் எந்தப் பண்டத்தைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது சாந்தைக் காக்கிறதா, கரைக்கிறதா என்பதே.

சாந்தைக் காப்பவற்றில் எளியது தேங்காய் எண்ணெய். மரச்செக்கில் ஆட்டியதோ, தேங்காய்ப் பாலிலிருந்து எடுத்ததோ, மணமும் நிறமும் சேர்க்காததாக இருந்தால் போதும். கரப்பான் உள்ள பெரியவர்களிடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் பூசியவர்களின் தோலில் சீழ்ப்புண்ணை உண்டாக்கும் கிருமி ஆலிவ் எண்ணெய் பூசியவர்களைக் காட்டிலும் நன்கு குறைந்தது தெரியவந்தது. ஆலிவ் எண்ணெய் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், அது பெரியவர்களின் தோற்சுவரை வலுவிழக்கச் செய்ததும் சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யாததும் காணப்பட்டன. விலை உயர்ந்த எண்ணெய்தான் நல்லது என்று எண்ணி ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகளுடன் வரும் இளம் பெற்றோர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்ல நேர்கிறது.

எண்ணெயை எப்போது பூசுகிறோம் என்பது எதைப் பூசுகிறோம் என்பதைவிட முக்கியம். குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் சிறிது மிச்சமிருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள் பூச வேண்டும். எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் தடுக்கிறது. வறண்ட தோலின்மேல் மதியத்தில் பூசிவிட்டு "பலனில்லை" என்பவர்கள் இதை ஒரு வாரம் செய்து பார்க்கலாம். மருத்துவர் எழுதிய களிம்பை இதற்காக நிறுத்த வேண்டாம். களிம்பை முதலில் தடவி, அரை மணி நேரம் கழித்து எண்ணெய் பூசினால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

தேங்காய் எண்ணெய் உதவாத இடங்களும் உண்டு. முகப்பரு உள்ள முகத்தில் அது துளைகளை அடைக்கும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பை உண்டு வளர்வது. ஆதலால் பொடுகுள்ள தலையில் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பதாகும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இன்றளவும் கைவிடாதவன் நான். ஆயினும் முதியோர் உள்ள வீடுகளில் குளியலறைத் தரையில் சிந்தும் எண்ணெயை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து எங்கள் மருத்துவமனைக்கு வருவோரிடம் கேட்டால், வழுக்கி விழுந்த இடம் பெரும்பாலும் குளியலறையாகவே இருக்கும். முக்காலியில் அமர்ந்து, அறைக்கு வெளியே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பிறகு கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

குதிகால் வெடிப்புக்கும் வறண்ட கைகளுக்கும் ஏற்ற தைலம் ஒன்றை வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் 24 அல்லது 25 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது பாதத்தில் நிற்காது. தேன்மெழுகு உருகுவதற்கு 60 பாகைக்கு மேல் வேண்டும். ஆகையால் 80 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு சேர்த்தால் கோடையிலும் கெட்டியாக நிற்கும் தைலம் கிடைக்கும். தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. முகர்ந்தால் தேன் மணம் வரவேண்டும், வராவிடில் மெழுகுவத்தி மெழுகாக இருக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் நடுவே சிறு கிண்ணத்தை வைத்து, அதில் இரண்டையும் உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். உருகியதும் இறக்கி, நன்கு காய்ந்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஆறவிடுங்கள். மணத்துக்காக எதையும் சேர்க்காதீர்கள். சாந்து உதிர்ந்த தோலுக்கு ஒவ்வாமை தருவதில் மணப்பொருள்களுக்கே முதலிடம். ஈரக் கையை உள்ளே விடாதிருந்தால் இரண்டு மூன்று மாதங்கள் கெடாது. சிக்கு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். தைலம் ஊறிய துணியோடு அடுப்பருகே நிற்பதையும் தவிருங்கள். எண்ணெய் பிடித்த துணி தீயை விரைவாகப் பற்றும்.

இத்தைலம் இத்தனை நாள் கெடாதிருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் இல்லாமையே. தண்ணீர் சேர்ந்த எதுவும் கிருமிக்கு வீடு. கற்றாழைச் சோறு, அரிசி கழுவிய நீர், பன்னீரில் குழைத்த சந்தனம் ஆகியவற்றை அன்றன்று செய்து அன்றன்று தீர்த்துவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கிருமி மெதுவாக வளரும், அவ்வளவே. கற்றாழையைப் பொறுத்தவரை இன்னொரு நுணுக்கம்: மடலை வெட்டியவுடன் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். அது தோலை எரிச்சலூட்டும். மடலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, கழுவிய பிறகே உள்ளிருக்கும் சோற்றை எடுக்க வேண்டும். "கற்றாழை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்தப் பால்தான்.

இனிக் குளியல் பொடி. தோலில் புண்ணும் வெடிப்பும் இல்லாதவர்களுக்குச் சோப்பைவிட இது மென்மையானது என்பதே என் கருத்து. அரைக்கிலோ பச்சைப்பயறு, 50 கிராம் ஆவாரம்பூ, 50 கிராம் உலர்ந்த ரோஜா இதழ், 25 கிராம் வெட்டிவேர் ஆகியவற்றை நிழலில் உலர்த்தி அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொண்டால் போதும். மாவு மில்லில் அரைப்பவர்கள் தமக்கு முன்னால் அந்த இயந்திரத்தில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய் அரைத்த கையோடு அரைத்த குளியல் பொடியால் உடலெங்கும் எரிச்சலோடு ஒரு குடும்பமே வந்து என் முன் நின்றதுண்டு. அரிசியோ கோதுமையோ அரைத்த பின் அரைக்கச் சொல்லுங்கள்.

பொடியைத் தண்ணீரில் குழைத்து உள்ளங்கையால் பரப்பிக் கழுவ வேண்டும். அழுக்கு உருட்டுவது போல் தேய்க்கக் கூடாது. புண்ணான தோலில் பயறு, கடலை, கோதுமை போன்ற உணவுப் பொருள்களின் மாவைப் பூசுவது வேறொரு வகையிலும் ஆபத்தானது. ஜப்பானில் 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குக் கோதுமை உணவே ஒவ்வாததாகிவிட்டது. உணவாக வயிற்றின் வழியே செல்லும்போது உடல் நண்பனாக ஏற்கும் பொருளை, உடைந்த தோலின் வழியே நுழையும்போது பகையாகக் கருதிவிடக்கூடும். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

கார்போக அரிசியை ஏன் நீக்கச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் சோரலென் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், வெயிலின் புற ஊதாக்கதிரை உறிஞ்சித் தோல் செல்களைத் தாக்கும். இத்தன்மையையே மருத்துவம் மருந்தாகவும் பயன்படுத்திக்கொண்டது. எகிப்து நாட்டு மருத்துவர் எல் மோஃப்டி, இதே வகைப் பொருளைக் கொண்ட வேறொரு செடியால் வெண்புள்ளிக்குச் செய்த சிகிச்சையை 1948இல் வெளியிட்டார். இன்றும் சோரலெனையும் ஒளியையும் சேர்த்துச் சிகிச்சை அளிக்கிறோம். ஆனால் அதில் மருந்தின் அளவும் ஒளியின் அளவும் கணக்கிடப்பட்டவை. காலையில் பொடி தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் பேருந்துக்கு நிற்பவருக்கு இரண்டுமே கணக்கில் இல்லை. நம் பாட்டிமார் இதைச் சேர்த்ததில் ஒரு காரணம் இருந்திருக்கலாம். ஆயினும் அன்றாடக் குளியலுக்கு அது தேவையில்லை.

எலுமிச்சையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. சாற்றைவிடத் தோலில் அதிகம். முகம் வெளுக்கும் என்று எலுமிச்சம்பழத்தை அப்படியே தேய்ப்பவர்கள் பெறுவது பெரும்பாலும் கறுப்பு. சிவப்பும் கொப்புளமும் அன்றே வருவதில்லை. ஓரிரு நாள் கழித்து வருவதால் எவரும் எலுமிச்சையைச் சந்தேகிப்பதில்லை. பழுப்புக் கறை மறையப் பல மாதங்கள் ஆகலாம். ஒருமுறை, முதுகில் விரல் விரலாகக் கருந்தடம் பதிந்திருந்த ஒரு சிறுமியைப் பெற்றோர் அழைத்து வந்தனர். பள்ளியில், வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்று ஐயுற்று விசாரித்திருக்கிறார்கள். தாயாரின் கண்ணில் நீர் நிற்கவில்லை. கடற்கரைக்குச் சென்ற நாளில், எலுமிச்சை பிழிந்த கையோடு மகளின் முதுகைப் பிடித்துச் சட்டை மாற்றிவிட்டதாக நெடுநேரம் விசாரித்த பிறகு நினைவுகூர்ந்தார். அந்தத் தடங்கள் தாயின் விரல்கள்தாம். ஆனால் அடித்த விரல்கள் அல்ல. பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

அரைத்த வெள்ளைப்பூண்டு, சேங்கொட்டை, கள்ளிப்பால் ஆகிய மூன்றையும் எந்தத் தோல் நோய்க்கும் வைத்துக் கட்ட வேண்டாம். படைக்குப் பூண்டு வைத்துக் கட்டி, படையோடு தோலையும் இழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருதாணி இலையை அரைத்து இடுவதில் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தொல்லையில்லை; உடனே கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கப்படும் "கறுப்பு மருதாணி"யில் தலைச்சாயத்துக்குரிய வேதிப்பொருள் கலந்திருக்கும், அதைத் தவிருங்கள். கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம். ஒருவகை நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். கைக்குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவுவதும் கூடாது; கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பு வரும்.

வீட்டில் சோப்புக் காய்ச்சுவது பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால்தான் சோப்பு; "காரமில்லாத இயற்கைச் சோப்பு" என்று ஒன்றில்லை. அந்தக் காரம் கண்ணில் தெறித்தால் பார்வை போகும்; அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரத்தையே அரித்து, தீப்பற்றும் வாயுவை வெளிவிடும். சிறுபிள்ளைகள் நடமாடும் வீட்டில் இந்த முயற்சி வேண்டாம்.

மாறாக, ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டியிலிருந்து கையுறை தைக்கலாம். பாத்திரம் துலக்கியும் துணி துவைத்தும் கையில் கரப்பான் கண்டவர்கள் ரப்பர் கையுறையை மட்டும் அணிந்தால் வியர்வையில் ஊறி நோய் மிகும்; உள்ளே பருத்திக் கையுறை இருந்தால் வியர்வையை அது ஏற்கும். கையைத் துணிமேல் விரித்து வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டுக் கோடு போட்டு வெட்டித் தையுங்கள். தையல் மடிப்பு வெளிப்புறம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் தோலை உரசும். நான்கைந்து சோடி வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றுங்கள். கஞ்சி போட வேண்டாம். இரவில் சொறியும் குழந்தைக்கு விரல் பிரிக்காத பை போன்ற உறை போதும். ஆனால் உள்ளே நூல் முனை தொங்குகிறதா என்று ஒவ்வொரு நாளும் திருப்பிப் பாருங்கள். கைக்குழந்தையின் விரலில் ஒற்றை நூல் சுற்றி இறுகினாலே இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கதிரியக்கச் சிகிச்சை பெறும் இடத்தில், அங்குள்ள செவிலியரைக் கேட்காமல் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் பூசக் கூடாது. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு இரத்த வெள்ளணு குறைந்திருப்பவர்கள் பச்சையாக அரைத்த எதையும் தோலில் வைக்க வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கு எண்ணெய் பூசுவது நல்லதே; ஊசி குத்தும் கையில் மட்டும் சிகிச்சை நாளன்று பூசாதீர்கள், பிளாஸ்திரி ஒட்டாது. நீரிழிவு நோயாளிகள் பாதத்தை நீரில் ஊறவைக்க வேண்டாம். குளித்ததும் துடைத்து, பாதத்துக்கு எண்ணெய் பூசி, விரல் இடுக்குகளை மட்டும் உலர விட்டுவிடுங்கள். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கு முறை வேறு: சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஈரத்தோடு எண்ணெய் பூச வேண்டும். இரு நோயிலும் பாதம் மரத்துத்தான் போகிறது, இரண்டிலும் வெந்நீர் கூடாது. ஆனால் தொழுநோயில் வியர்வைச் சுரப்பி செயலிழந்து தோல் காய்ந்து வெடிப்பதே புண்ணுக்கு முதல் வழி, அதனால் ஈரம் ஏற்றுகிறோம்.

புதிதாக எதைச் செய்தாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும், ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே தெரிந்துவிடும் என்பதில்லை. கழுவிவிடும் பொருளானால் வழக்கமாக வைத்திருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள். சிவப்போ அரிப்போ கண்டால் அது உங்களுக்கு உரியதன்று. கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று வந்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். உதடோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு இறுகினால் நேரே அவசரப் பிரிவுக்கு.

வரும்போது மருந்துச் சீட்டோடு அந்தச் சம்படத்தையும் கொண்டுவாருங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கின்றன, எந்த மாதம் அரைத்தது என்று ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பாட்டி அப்படித்தான் செய்கிறார். பேரன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். குளிர்காலம் வந்தால் அவனுக்குக் கை மடிப்பில் மட்டும் சற்று அரிக்கும். சென்ற மார்கழியில் வந்தபோது சம்படத்தை அவரே திறந்து நீட்டி, "இந்தத் தடவை பூலாங்கிழங்கைக் கொஞ்சம் கூடப் போட்டுட்டேன், பாருங்க டாக்டர்" என்றார். முகர்ந்து பார்த்தேன். நல்ல மணம். எதற்கும் ஏழு நாள் முழங்கையில் பூசிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.